ஆடி மாசக் குளிரும் வாயிலருந்து வர்ற வெள்ளைப் புகையும்

ஜோஹனஸ்பர்க் வந்து செட்டில் ஆகுற நம்ம ஊர்க்காரங்களுக்கு மொத வருஷம் மாசக் கணக்கே தலைகீழாயிடும். ஊர்ல மார்கழின்னா பனி, விடியக்காலைல கோலம் போடுறவங்க வாயிலருந்து லேசா புகை வரும், அதுவும் எல்லா வருஷமும் வராது. இங்க மார்கழி நல்ல வெயில் காலம், இடி மழை பெய்யுற நேரம். நடுக்குற குளிர்னா அது ஆனி, ஆடிதான். கடல் மட்டத்துலருந்து 1,700 மீட்டருக்கு மேல இருக்குற ஊரு, ஏற்காட்ட விட உசரம், ஜூலைல காலைல நாலு அஞ்சு டிகிரி சாதாரணம், சில நாள் பூஜ்யத்துக்கும் கீழ போகும். ஸ்கூல் கேட் வாசல்ல பீனி குல்லாயும் ஸ்கார்ஃபும் போட்டுட்டு நிக்கிற பிள்ளைங்க அத்தனை பேர் வாயிலயும் வெள்ளை வெள்ளையா புகை, யார் பெருசா விடுறாங்கன்னு போட்டி வேற.

எங்க தமிழ் ஃபேமிலிஸ் வாட்ஸாப் குரூப்ல போன வாரம் ஒருத்தர் பையன் இதப் பத்திக் கேட்டான்னு போட்டாரு, உடனே பதில் வந்துச்சு, உடம்பு சூடு, வெளிய குளிர், சூடான மூச்சு குளிர்ந்து தண்ணியாகுது, அவ்ளோதான்னு. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது பாதிதான். மீதிப் பாதிலதான் அழகே இருக்கு, அத யாரும் பிள்ளைங்களுக்கு சொல்றதே இல்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். நான் ஏசி, கோல்ட் ரூம் டிசைன் பண்ற வேலைல இருக்கேன், ரெண்டு விதமான காத்து கலந்தா என்ன ஆகும்ங்குறது எனக்கு தினப்படி சோறு போடுற விஷயம், அதான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்துட்டேன்.

மொதல்ல, வெள்ளையா தெரியுறது வாயுவே இல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது, இப்ப நீங்க உக்காந்துருக்குற ரூம்லயும் அது இருக்கு, தெரியுதா? நாம பாக்குறது பொடிப் பொடியான தண்ணித் துளி, கோடிக்கணக்குல காத்துல மிதக்குது. ஒவ்வொரு துளியும் தன் மேல படுற வெளிச்சத்த எல்லாப் பக்கமும் செதறடிக்குது, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுல, அதனால மொத்தமா வெள்ளையா தெரியுது. வானத்துல இருக்குற மேகமும் இதேதான். கெட்டில் நல்லா கொதிக்கும்போது அதோட மூக்கு கிட்ட பாருங்க, மூக்க ஒட்டி ஒரு விரக்கடை தூரம் ஒண்ணுமே தெரியாது, காலியா இருக்குற மாதிரி இருக்கும், அதுக்கப்புறம்தான் வெள்ளை ஆரம்பிக்கும். அந்த காலி இடத்துல இருக்குறதுதான் நிஜ நீராவி, அங்க கைய வச்சா வெந்துடும், வைக்காதீங்க. வாயிலயும் அப்டித்தான். சூரியன் எதிர்ல இருக்கும்போது, பின்னாடி இருட்டா ஒரு மரமோ சுவரோ இருந்தா, பக்கவாட்டுல நின்னு ஒருத்தரப் பாருங்க, உதட்டுக்கும் புகைக்கும் நடுவுல சின்னதா ஒரு இடைவெளி தெரியும். குளிர் கூடக் கூட அந்த இடைவெளி குறையும்.

அந்த இடைவெளில என்ன நடக்குதுங்குறதுதான் முழு கதையும்.

நுரையீரலுக்குள்ள காத்து 37 டிகிரில ஈரம் நிறைஞ்சு இருக்கும், ஒரு கன மீட்டருக்கு 44 கிராம் நீராவி. வாய் வழியா வெளிய வரும்போது கொஞ்சம் ஆறி 35 டிகிரி பக்கம் வந்துடும், அப்பவும் கிட்டத்தட்ட 40 கிராம் இருக்கும். இப்ப ஜோபர்க் காலைய எடுத்துக்கோங்க, 5 டிகிரி, ஹ்யூமிடிட்டி (அந்த டெம்பரேச்சர்ல அதிகபட்சம் இருக்கக்கூடிய ஈரத்துல எவ்ளோ இருக்குங்குறது) 60 பர்சன்ட்னு வச்சுப்போம், அந்தக் காத்துல வெறும் 4 கிராம்தான் இருக்கு. ரெண்டும் பாதிக்குப் பாதி கலந்தா என்ன ஆகும்? டெம்பரேச்சர் நடுவுல வரும், 20 டிகிரி. ஈரமும் நடுவுல வரும், 22 கிராம். ஆனா 20 டிகிரில ஒரு கன மீட்டர் இடத்துல நீராவி நீராவியாவே இருக்க முடியுற அளவு 17 கிராம் சொச்சம்தான். மிச்சம் நாலு கிராமுக்கு மேல எங்க போகும்? துளியா மாறியே ஆகணும். (மிச்சம் முழுசும் மாறிடாது, துளியா மாறும்போது கொஞ்சம் சூடு வெளிய வந்து கலவைய லேசா சூடாக்கும், அதனால நிஜத்துல இத விடக் கம்மியாதான் துளியாகும், ஆனா கண்ணுக்குத் தெரிய அதுவே தாராளம்.)

இதே கணக்க சென்னைல போட்டுப் பாருங்க. வெளிய 30 டிகிரி, 70 பர்சன்ட், அப்ப காத்துல 21 கிராம் ஏற்கனவே இருக்கு, அதாவது ஜோபர்க்க விட அஞ்சு மடங்கு ஈரம். மூச்சோட பாதிக்குப் பாதி கலந்தா 32 டிகிரி சொச்சம், ஈரம் 30 கிராம் சொச்சம், ஆனா அந்த சூட்டுல 34 கிராம் வரைக்கும் வாயுவாவே இருக்க முடியும். துளியே வராது. காத்துல ஈரம் அதிகமா இருக்குற ஊர்ல புகை வரல, ஈரமே இல்லாத ஊர்ல வருது, யோசிச்சுப் பாத்தா ஆச்சரியமா இல்ல?

காரணம், இந்த அதிகபட்ச அளவு டெம்பரேச்சரோட நேர்கோட்டுல ஏறாது. 0 டிகிரில 5 கிராம், 10-ல 9, 20-ல 17, 30-ல 30, அதாவது ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது, மேல போகப் போக வளைஞ்சு செங்குத்தாகுற கோடு. ஆனா ரெண்டு காத்து கலக்குறது நேர்கோடு. எங்க வேலைல சைக்ரோமெட்ரிக் சார்ட்னு ஒண்ணு இருக்கு, அடில டெம்பரேச்சர், பக்கவாட்டுல ஈரம் போட்டு வரைஞ்ச படம், அதுல இந்த வளைவு இடதுபக்கம் கீழருந்து வலதுபக்கமா மேல ஏறிப் போகும், ரெண்டு காத்துக்கும் ரெண்டு புள்ளி வச்சு நடுவுல ஸ்கேல் வச்சு ஒரு கோடு போடுவோம், அந்தக் கோடு வளைவத் தாண்டி அந்தப் பக்கம் போச்சுன்னா அங்க ஃபாக். மூச்சுக்கு ஒரு புள்ளி, வெளிக் காத்துக்கு ஒரு புள்ளி. வெளிக் காத்து புள்ளி கீழ குளிர்ல இருந்தா கோடு வளைவ வெட்டும், வெயில்ல இருந்தா வெட்டாது. கோல்ட் ரூம் கதவத் தொறந்தா வாசல்ல குபுகுபுன்னு வெள்ளையா வருதே, அதுவும் இந்த ஒரே கோடுதான்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், தனியா எடுத்தா ரெண்டு காத்துமே தெளிவா இருக்கு. மூச்சுல கண்ணுக்குத் தெரியுற துளி இல்ல, வெளிக் காத்துலயும் இல்ல, ரெண்டுமே ஒண்ணுமே தெரியாத வாயு. சந்திக்குற எடத்துல மட்டும் மேகம் பொறக்குது. மூச்சு மட்டும் தனியா குளிர்ந்தாலும் துளி வரும்தான், கண்ணாடில ஹா-ன்னு ஊதினா வர்றது அது. வாய்க்கு முன்னாடி அந்தரத்துல வர்றது கலப்புனால வர்றது.

இத மொதல்ல தெளிவா சொன்னது ஜேம்ஸ் ஹட்டன், ஸ்காட்லாந்துக்காரர், பாறையப் படிச்சு பூமிக்கு எவ்ளோ வயசாயிருக்கணும்னு யோசிச்சாரே, அதே ஹட்டன்தான். 1784-ல எடின்பரோ ராயல் சொசைட்டில மழையப் பத்தி ஒரு கட்டுரை படிச்சாரு, அதுல குளிர்ல மூச்சு ஏன் தெரியுதுன்னு எடுத்துக்கிட்டு, ரெண்டு டெம்பரேச்சர்ல இருக்குற ஈரக் காத்து கலந்தா ஈரம் மிஞ்சும், ஏன்னா காத்துல இருக்கக்கூடிய ஈரம் சூட்ட விட வேகமா ஏறுதுன்னு சொன்னாரு. கையில இன்னைக்கு இருக்குற மாதிரி டேபிள் கிடையாது, சார்ட் கிடையாது, வாயிலருந்து வர்ற புகையப் பாத்தே வளைவு இருக்குன்னு கண்டுபுடிச்சுட்டாரு. மழையும் இப்டித்தான் வருதுன்னு அவர் நெனச்சது சரியா வரல, மழை மேகம் பெரும்பாலும் காத்து மேல ஏறி விரிஞ்சு குளிர்றதாலதான் வருது. ஆனா மூச்சு விஷயத்துல அவர் சொன்னது இன்னைக்கும் அப்டியே நிக்குது.

சரி, வந்த புகை ஏன் உடனே காணாமப் போகுது? அதுவும் அதே கோடுதான். ஒரு பங்கு மூச்சு ஒரு பங்கு காத்தோட நிக்காது, கலந்துக்கிட்டே போகும். ஒரு பங்கு மூச்சுக்கு ஒன்பது பங்கு வெளிக் காத்துன்னு ஆகும்போது டெம்பரேச்சர் 8 டிகிரி, ஈரம் ஏழரை கிராம், ஆனா 8 டிகிரில எட்டு கிராமுக்கு மேல தாங்கும். இருந்த துளியெல்லாம் மறுபடி வாயுவாகிடும். இங்க ஹைவெல்ட்ல, அதாவது ஜோபர்க் இருக்குற இந்த மேட்டு நிலத்துல, குளிர் காலம் மழையே இல்லாத காலம், உதடு வெடிக்கும், கைல வாஸலின் தடவாம வெளிய போக முடியாது, அந்த வறட்சில புகை வாய விட்டு ரெண்டு ஜாண் போகுறதுக்குள்ள கரைஞ்சுடும். அதே 5 டிகிரி, ஆனா காத்துல ஈரம் 95 பர்சன்ட்னு வச்சுக்கோங்க, அப்ப ஒன்பது பங்கு கலந்த பின்னாடியும் துளி மிஞ்சும், புகை முகத்துக்கு முன்னாடி தொங்கிட்டே நிக்கும். டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் மூடுபனி காலைல போனீங்கன்னா இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். 2023 ஜூலை 10-ம் தேதி ஜோபர்க்ல பனி பெஞ்சுச்சே, 2012-க்கு அப்புறம் வந்த பனி, ஊரே ரோட்டுல எறங்கி போட்டோ எடுத்துச்சு, அன்னைக்கும் மூச்சு சட்டுன்னு கரையல.

எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி டர்பன்ல சாட்ஸ்வர்த்ல பொறந்து வளந்தவங்க, கல்யாணம் ஆகி இங்க வந்தவங்க. அவங்க கொள்ளுத் தாத்தா காலத்துல மெட்ராஸ்லருந்து கப்பல்ல வந்த குடும்பம். 1860-ல மொதக் கப்பல் டர்பன் வந்துச்சுல, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா ஆள் கொண்டு வந்த அந்தக் கதைதான். தமிழ் பேச வராதுன்னு சொல்லுவாங்க ஆனா சாமி பாட்டு, சாப்பாட்டு பேரெல்லாம் நம்மள விட சுத்தமா வரும். ஆடி மாசம் மாரியம்மனுக்கு கூழ் காய்ச்சுறது இங்க தலைமுறை தலைமுறையா விடாம நடக்குது, எல்லாரும் அத போரிட்ஜ் ப்ரேயர்ம்பாங்க. போன ஆடில கோயில் முத்தத்துல விடியக்காலைல பெரிய அண்டால கூழ் கொதிச்சுட்டு இருக்கு, ஆன்ட்டி கரண்டியால கிண்டிக்கிட்டே சொன்னாங்க, டர்பன்லயும் விடியக்காலைல சில நாள் வாய்ல புகை பாத்துருக்கேன், அது ஒண்ணும் அவ்ளோ குளிரே இல்லையே, ஆனா இங்க பத்து மணிக்கு அதே அளவு குளிர்ல ஒண்ணும் வர மாட்டேங்குதேன்னு. எவ்ளோ கூர்மையான கேள்வி பாருங்க! டர்பன் ஜூலை விடியல் 12 டிகிரி, கடல் பக்கம்ங்குறதால ஈரம் 90 பர்சன்ட்னு வச்சுக்கோங்க, பாதிக்குப் பாதி கலந்தா கிட்டத்தட்ட 25 கிராம் வரும், அந்த டெம்பரேச்சருக்கு 21 தான் இடம். துளி வந்தே ஆகணும். ஜோபர்க்ல பத்து மணிக்கு அதே 12 டிகிரி, ஆனா ஈரம் 25 பர்சன்ட், பாதிக்குப் பாதி கலக்கும்போதே 21 கிராம் பக்கம் வந்துடுது, உதட்டு ஓரத்துல லேசா துளி வந்தாலும் கண்ணுல படுறதுக்குள்ள கரைஞ்சுடும். அதனாலதான் இத்தன டிகிரிக்குக் கீழ போனா மூச்சு தெரியும்னு ஒத்த நம்பர் சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். ஏழு டிகிரின்னு நெறைய எடத்துல போட்டுருக்கும், குத்துமதிப்புக்கு சரி, ஆனா ஈரத்த சொல்லாம டெம்பரேச்சர் மட்டும் சொன்னா அது பாதி விலாசம் எழுதின கவர் மாதிரி.

உசரத்துனாலயா இங்க அதிகமா தெரியுதுன்னும் கேட்டாங்க. இல்ல. ஒரு கன மீட்டர்ல எவ்ளோ நீராவி இருக்கலாம்ங்குறத முடிவு பண்றது டெம்பரேச்சர்தான், காத்தழுத்தம் இல்ல. ஜோபர்க்ல காத்தழுத்தம் டர்பன விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, ஏசி கணக்கு ஒரு கிலோ காத்துக்கு இத்தன கிராம் ஈரம்னு போடுறதால எங்களுக்கு இங்க தனி சார்ட் வேணும், கடல் மட்டத்து சார்ட்ட வச்சு டிசைன் பண்ணா தப்பாயிடும், ஆனா மூச்சுப் புகைக்கு அந்தக் கவலை இல்ல. உசரம் குளிரக் குடுக்குது, குளிர் புகையக் குடுக்குது.

பிள்ளைங்க கூட செஞ்சு பாக்க நல்ல சோதனை ஒண்ணு. வாய நல்லா தொறந்து ஹா-ன்னு விட சொல்லுங்க, பெரிய வெள்ளைப் பந்து வரும். அடுத்து உதட்டக் குவிச்சு ஃபூ-ன்னு வேகமா ஊத சொல்லுங்க, மெல்லிசா ஒரு கோடு, சில சமயம் அதுவும் இல்ல. ஒரே நுரையீரல், ஒரே காத்து. வேகமா மெல்லிசா போறப்ப அது சுத்தியிருக்குற குளிர் காத்த நெறைய இழுத்துக் கலந்துக்குது, துளி தங்குறதுக்குள்ள அளவுக்கு மீறி கலந்து கரைஞ்சுடுது. மூக்கு வழியா விட்டா இன்னும் கம்மி, ஏன்னா உள்ள இழுக்கும்போது குளிர் காத்து மூக்கோட உள்சுவரக் குளிர வச்சுட்டுப் போகுது, வெளிய வர்ற மூச்சு அந்தச் சுவர்ல சூட்டையும் ஈரத்தையும் கொஞ்சம் விட்டுட்டு வருது. குளிர்ல மூக்கு ஒழுகுறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஒட்டகம் இத ரொம்ப தூரம் கொண்டு போயிருச்சு, தண்ணி கிடைக்காதப்ப ராத்திரில மூக்குலயே ஈரத்த புடிச்சு வச்சுக்கும். சூடா டீ குடிச்ச உடனே ஊதினா புகை இன்னும் கூடும், அதையும் பண்ணிப் பாக்கலாம்.

எங்க பாப்பா இதெல்லாம் பண்ணிட்டு, அப்பா கார்லயும் வருதேன்னா. கரெக்ட். காலைல ராபாட்ல (இங்க சிக்னலுக்கு அதான் பேரு) நிக்குற ஒவ்வொரு பாக்கி (பிக்கப் வண்டி), டாக்ஸி சைலன்ஸர்லயும் வெள்ளையா வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி நீராவியா வெளிய வருது, குளிர்ல அது தெரியும், மத்தியானம் தெரியாது, தெரியலன்னாலும் வந்துட்டேதான் இருக்கும். ஆகாசத்துல ஜெட் பின்னாடி நீளமா விழுற வெள்ளைக் கோடும் இந்தக் கலப்புதான், அங்க மைனஸ் நாப்பது டிகிரி குளிர்ல துளி உடனே பனித்தூளாகிடுது. 1941-ல ஷ்மிட், 1953-ல ஆப்பிள்மேன்னு ரெண்டு பேர் எந்த டெம்பரேச்சர்ல கோடு விழும்னு கணக்கு போட்டாங்க, அந்தக் கணக்கும் நேர்கோடு வளைவ வெட்டுறதுதான்.

ஜோபர்க்குக்குக் கிழக்க எமலாலெனி ஊர்ப் பக்கம் போறவங்க கண்டிப்பா ஒண்ணு பாக்கணும். அந்தப் பக்கம் பூராவும் நிலக்கரி மின் நிலையம். டூவா மின் நிலையம் மாதிரி எடத்துல அகலமான கூலிங் டவர் வாயிலருந்து குளிர் காலைல மலை மலையா வெள்ளை மேகம் வரும், அதப் பாத்து எவ்ளோ பொல்யூஷன்னு எல்லாரும் காட்டுறாங்க, ஆனா அந்த வெள்ளை தண்ணித் துளி. பொல்யூஷன் வர்றது பக்கத்துல ஒல்லியா உசரமா நிக்குற சிம்னிலருந்து, அது பல நேரம் கண்ணுக்கே அவ்ளோவா தெரியாது. அங்கருந்து கொஞ்ச தூரத்துல கெண்டல் நிலையம், அங்கயும் அதே மாதிரி ராட்சச டவர், ஆனா மேல ஒண்ணுமே வராது. அது ட்ரை கூலிங், தண்ணி மூடின குழாய்க்குள்ளயே சுத்துது, காத்து குழாய்க்கு வெளிய மட்டும் படுது, சூடு மட்டும் போகுது ஈரம் போகல. தண்ணிக்குத் தட்டுப்பாடான நாட்டுல யோசிச்சு செஞ்ச வேலை. சூடு மட்டும் இருந்தா போதாது, ஈரமும் வேணும்ங்குறதுக்கு இத விட பெரிய சாட்சி வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

துளி உருவாக தூசு வேணுமேன்னு சயின்ஸ் படிச்சவங்க கேப்பீங்க. உண்மைதான், ஜான் எய்ட்கன்னு இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1880 வாக்குல பஞ்சு வச்சு வடிகட்டின காத்துல நீராவிய விட்டாரு, புகையே வரல, சாதாரண ரூம் காத்துல விட்டா அடர்த்தியா வந்துச்சு. ஆனா நம்ம மூச்சுக்கு அந்தப் பஞ்சம் இல்ல. வாய்லருந்தே பொடித் துளிகள் வருது, குளிர் காலத்துல இங்க காத்து மேல ஏற முடியாம தரையோட அடங்கிக் கெடக்கும், அதுல கரிப் புகையும் சேந்துருக்கும்.

கடைசியா ஏசி வேலை பாக்குறவனா ஒரு விஷயம். ஒரு ஆள் மூச்சு வழியா மட்டும் ஒரு நாளைக்கு முன்னூறு நானூறு மில்லி தண்ணி வெளிய போகுது. குளிர்னு ஜன்னலெல்லாம் இறுக்கி மூடிட்டு நாலு பேர் ஒரே ரூம்ல தூங்குறோம், காலைல ஜன்னல் கண்ணாடில தண்ணி ஓடுது, ஃப்ரேம் ஓரத்துல கறுப்பா பூஞ்சை புடிக்குது, எல்லாரும் மழைத் தண்ணி கசியுதோன்னு சுவர சந்தேகப்படுறாங்க. மழையே இல்லாத மாசத்துல எங்கருந்து கசியும்? அது ராத்திரி பூரா நாம விட்ட மூச்சு. இதுல சிலிண்டர் கேஸ் ஹீட்டர் போட்டா ஈரம் இன்னும் கூடும், ஏன்னா கேஸ் எரிஞ்சாலும் தண்ணிதான் வரும், கூடவே மூடின ரூம்ல கார்பன் மோனாக்ஸைடு ஆபத்து வேற, அது வாசனையும் இல்லாம நிறமும் இல்லாம ஆளக் கொல்லும், கரி அடுப்ப உள்ள வைக்கவே வைக்காதீங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஹீட்டர அணைச்சுட்டு, ஜன்னல மேல் பக்கமா ரெண்டு விரக்கடை தொறந்து வைங்க, வெளிக் காத்து வறண்ட காத்துதான், ஈரத்த இழுத்துட்டுப் போயிடும், கம்பளி ஒண்ணு கூடப் போட்டுக்கலாம். பூஞ்சை ஏற்கனவே புடிச்சிருந்தா மொதல்ல அத நல்லா தேச்சுக் கழுவி, காய விட்டு, அப்புறம் பெயின்ட் அடிங்க, ஈரத்து மேலயே அடிச்சா அடுத்த ஆடிக்குள்ள உரிஞ்சு வந்துடும்.